எட்டாத சொனாட்டா

(பொன்விழா இசை மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பங்குச்சாமியார் பேச எழுந்தால், கோவில் கட்டிய கதையும் மணிக்கூண்டு எழும்பிய கதையும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நம் பாடற்குழு ஆசிரியர் நம்மிடம் கேட்டுக்கொண்டது வேறு. "பிள்ளைகள் கீபோர்டு படிக்க வருகிறார்கள், சாமி. இரண்டு பக்கம் தாண்டியதும் கடினம் என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். உண்மையிலேயே கடினமானது எது என்று ஒரு தடவை அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். நாம் பியானோக் கலைஞர் அல்லர். குருமடத்தில் ஆர்மோனியத்தில் வாசித்த அளவோடு நம் விரல்களின் சரித்திரம் முடிந்தது. ஆனால் அதே குருமடத்தில்தான் ஒரு பழைய ஒலிநாடாவில் இந்த இசையை முதன்முதலாகக் கேட்டோம். அன்று முதல் அதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறோம். அந்த உரிமையில் பேசுகிறோம்.

பேதோவன் பியானோவுக்கென்று எழுதிய சொனாட்டாக்கள் 32. அவற்றுள் 29-ஆவதைத்தான் சொல்லப்போகிறோம். சொனாட்டா என்பது பாட்டு அன்று. சொற்களே இல்லாமல், பெரும்பாலும் ஒரே கருவிக்கென எழுதப்பட்டு, பல பகுதிகளாக நடந்து செல்லும் நீண்ட இசைப்படைப்பு. இந்த 29-ஆவது சொனாட்டா நான்கு பகுதிகள் கொண்டது. வாசித்து முடிக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அச்சில் ஓபஸ் 106 என்பது அதன் எண். உலகம் அதை 'ஹாமர்கிளாவியர்' என்று அழைக்கிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பியானோவின் உள்ளே சிறு சுத்தியல்கள் தந்திகளைத் தட்டுவதால் ஜெர்மானிய மொழியில் பியானோவுக்கே அப்படி ஒரு பெயர் உண்டு, அவ்வளவுதான். ஆனால் சுத்தியலால் அடிப்பதுபோல் இதை வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

பேதோவன் இதை எழுதத் தொடங்கியது 1817-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முடித்தது 1818-இல். அப்போது அவருக்கு வயது 47. செவிப்புலன் குறையத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1818 முதல், தம்மைக் காண வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவதற்கென்று குறிப்பேடுகளை வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அந்த நாட்களில் லண்டனிலிருந்து பிராட்வுட் என்னும் பியானோத் தயாரிப்பாளர் தம் கருவி ஒன்றை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். கடலையும் மலையையும் கடந்து வியன்னாவுக்கு வந்து சேர்ந்த அந்த அருமையான பியானோவின் ஓசை, அதற்கு உரியவருடைய காதில் மட்டும் சரியாக விழவில்லை. வீட்டிலும் அமைதி இல்லை. இறந்துபோன தம்பியின் மகனை யார் வளர்ப்பது என்று அந்தப் பையனின் தாயோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கையில் பணமும் இல்லை.

இந்தச் சொனாட்டாவை அவர் காணிக்கையாக்கியது ரூடால்ஃப் என்னும் இளவரசருக்கு. ஆஸ்திரியப் பேரரசரின் தம்பி. பேதோவனிடம் பல ஆண்டுகள் பியானோவும் இசையமைப்பும் பயின்ற மாணவர். பேதோவன் வியன்னாவை விட்டுப் போய்விடாதபடி 1809-இல் ஆண்டுதோறும் மானியம் தர ஒப்புக்கொண்ட மூன்று பிரபுக்களுள் இவரும் ஒருவர். இவருடைய பெயர்கொண்ட திருநாளுக்கென்று 'ரூடால்ஃப் வாழ்க' என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களுக்குப் பேதோவன் ஒரு வாழ்த்துப்பாட்டைக் குறித்துவைத்திருந்தார். அந்த வாழ்த்தின் தாளம்தான் இந்தச் சொனாட்டாவின் முதல் முழக்கமாக மாறியது என்பதை அவருடைய குறிப்பேடு காட்டுகிறது. 1819-இல் ரூடால்ஃப் கர்தினாலாகவும், ஓல்மூட்ஸ் நகரின் பேராயராகவும் ஆனார். இன்று அந்த நகர் செக் நாட்டில் இருக்கிறது. 1820 மார்ச் 9 அன்று நடக்கவிருந்த அவருடைய பதவியேற்புப் பூசைக்கென்றே பேதோவன் தம் மாபெரும் பூசை இசையை எழுதத் தொடங்கினார். அது முடிந்தது 1823-இல்! மூன்று ஆண்டு பிந்திய பூசை இசை. நம் விழாக் குழுவினர் ஆறுதல் கொள்ளலாம்.

இனி, இது ஏன் கடினம் என்பதற்கு வருவோம். கடினம் என்றால் வேகமாக விரல் ஓட வேண்டும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதல் நொடியைப் பாருங்கள். இடக்கை கீழே ஒரே ஒரு சுரத்தைத் தொடுகிறது. தொட்ட அதே கணத்தில் அங்கிருந்து வெகுதூரம் மேலே தாவி, பல சுரங்கள் சேர்ந்த ஒரு கூட்டின்மேல் உரத்த ஓசையோடு இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கையை வைக்க நேரம் இல்லை. கொஞ்சம் பிசகினால் பக்கத்துக் கட்டையில் விரல் விழும். முக்கால் மணி நேரப் பயணம் முதல் அடியிலேயே தடுக்கும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கீழ்ச்சுரத்தை இடக்கை அடிக்கட்டும். மேலே உள்ள கூட்டில் வலக்கை முன்கூட்டியே வந்து காத்திருக்கட்டும். தாவலே தேவையில்லை; பிசகும் இல்லை. பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கேட்பவருக்குச் சுரம் மாறுவதில்லை.

சுரம் மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வேறொன்று மாறிவிடுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுகிறார்கள். ஒருவன் ஏணி வைத்து ஏறிப் பணமுடிப்பை எடுத்து வந்தால், முடிப்பில் உள்ள பணம் குறைந்துவிடுமா? குறையாது. ஆனால் கூட்டம் கைதட்டுமா? அந்தத் தாவலில் உள்ள ஆபத்தைப் பேதோவன் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். கை தவறக்கூடும் என்ற பதற்றம் அந்த ஓசைக்குள்ளேயே இருக்கிறது. ஆபத்தை நீக்கிவிட்டு வாசித்தால், எழுதியதில் பாதிதான் வாசித்ததாகும் என்பது நம் கருத்து. இந்தச் சொனாட்டாவில் கடினம் என்பது இசைக்கு முன்னால் நிற்கும் வேலி அன்று, இசையே அதுதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு பேச்சும்.

வேகத்தைப்பற்றியும் ஒரு நீண்ட வழக்கு நடந்துவருகிறது. மெட்ரோனோம் என்னும் காலம் காட்டும் கருவியை நம் கீபோர்டு வகுப்பில் பார்த்திருப்பீர்கள். மெல்செல் என்பவர் அதற்கு 1815-இல் உரிமம் பெற்றார். அதை மிகவும் விரும்பிய பேதோவன், 32 சொனாட்டாக்களில் இந்த ஒன்றுக்கு மட்டும் தம் கையாலேயே வேகத்தைக் குறித்துக் கொடுத்தார். முதல் பகுதிக்கு அவர் குறித்த எண் 138. அரைச்சுரம் ஒன்றை ஒரு தட்டாகக் கொண்டு, நிமிடத்துக்கு 138 தட்டுகள். அந்த வேகத்தில் வாசிக்க உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். கருவி பழுதாக இருந்திருக்கும் என்றார்கள் சிலர். காது கேளாதவர் மனத்துக்குள் கேட்கும்போது எல்லாம் வேகமாகத்தான் ஓடும் என்றார்கள் வேறு சிலர். அன்றைய வியன்னா பியானோக்களின் கட்டைகள் இன்றையவற்றைக் காட்டிலும் இலகுவானவை. விரலுக்கு அவ்வளவாகக் கீழிறங்காதவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்தர் ஷ்நாபெல் என்னும் பெரிய கலைஞர் 1930-களில் லண்டனில் 32 சொனாட்டாக்களையும் ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். இதை அவர் அந்த 138-ஐ நெருங்கும் வேகத்திலேயே வாசித்தார். அங்கங்கே சுரங்கள் சிந்திப்போயின. இன்று கேட்டாலும் அது தெரிகிறது. ஆனால் ஓர் ஆவேசம் அதில் இருக்கிறது. பிழையில்லாத, நிதானமான வேறு பதிவுகளில் அந்த ஆவேசம் நமக்குக் கிட்டவில்லை. எல்லாரும் ஷ்நாபெலைப்போல் ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணைப் பொய் என்று தள்ளிவிடுவதற்கு முன் அதோடு சில மாதம் மல்லுக்கட்டிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

இன்னொரு சிக்கல் ஒரே ஒரு கட்டையைப்பற்றியது. குருமடத்தில் படித்த நமக்கு இதில் தனி ருசி. முதல் பகுதியின் நடுவில் இசை தூரதேசங்களுக்கெல்லாம் போய்விட்டுத் தொடக்க முழக்கத்துக்குத் திரும்பி வரும் இடம். அங்கே 'ஏ' என்னும் சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இடத்தில் வரியின் தலைப்பில் உள்ள குறிகளின்படி அது 'ஏ ஷார்ப்', அதாவது கறுப்புக் கட்டை. ஆனால் இசை போகும் போக்கைப் பார்த்தால் அது சாதாரண 'ஏ', வெள்ளைக் கட்டையாக இருப்பதுதான் இயல்பு. ஷார்ப்பை நீக்கும் சிறு குறியைப் பேதோவன் எழுத மறந்தாரா, அல்லது வேண்டுமென்றே விட்டாரா? அவர் கைப்பட எழுதிய பிரதி காணாமற் போய்விட்டது. அச்சுப் பிரதி மட்டுமே சாட்சி. அதில் நீக்கும் குறி இல்லை.

மறைநூலின் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடும் அறிஞர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பாடங்கள் வேறுபட்டால் கடினமான பாடமே மூலத்துக்கு நெருங்கியதாக இருக்கும். ஏனென்றால் பிரதி எடுப்பவர் கடினமானதை எளிதாக்குவாரே தவிர, எளிதானதைக் கடினமாக்க மாட்டார். அந்த விதிப்படி பார்த்தால் கறுப்புக் கட்டையே வெல்ல வேண்டும். ஆனால் இத்தகைய குறிகளை அவசரத்தில் விட்டுவிடுவது பேதோவனின் வழக்கம் என்பதும் உண்மை. 200 ஆண்டுகளாக அறிஞர்கள் இரு கட்சியாக இருக்கிறார்கள். கற்கிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறிஞர் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு உறங்கப் போகலாம். வாசிக்கிறவருக்கு விரல் ஒன்று, கட்டை ஒன்று. மேடையில் அடிக்குறிப்பை வாசிக்க முடியாது. வெள்ளையா கறுப்பா என்று அவரே தீர்மானித்து, ஆயிரம் பேர் முன்னிலையில் அதை அழுத்த வேண்டும். கறுப்பில் இறங்கி, ஒரு விநாடி காலடியில் தரை இல்லாததுபோல் நின்று, பிறகு வீடு திரும்புவதையே நம் காது விரும்புகிறது. நிரூபிக்க நம்மால் இயலாது.

இரண்டாம் பகுதி சிறியது. சில நிமிடங்களில் விளையாட்டாகக் கடந்துவிடும். மூன்றாம் பகுதிதான் அடாஜியோ.

விரலுக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. நம் பிள்ளைகளில் பெரியவர்கள் இதன் முதல் வரியை நாளைக்கே தடவிப் பார்க்கலாம். ஆனால் கால் மணி நேரத்துக்கும் மேலாக, சிலர் கையில் இருபது நிமிடம், இந்த ஒரே பகுதி மெல்ல நடக்கிறது. பியானோ பாடும் கருவி அன்று என்பதை நினைவில் வையுங்கள். பாடுகிறவர் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம். ஆர்மோனியத்தில் துருத்தியை அழுத்திப் பெருக்கலாம். பியானோவில் சுத்தியல் தட்டிய கணத்திலிருந்தே ஓசை தேய்ந்துகொண்டிருக்கிறது. தேய்கிற ஓசைகளை ஒன்றோடொன்று கோத்து, பெருமூச்சு விடுவதுபோன்ற ஒரு நீண்ட பாட்டாக அதை ஆக்க வேண்டும். அடுத்த சுரம் எவ்வளவு மென்மையாக வரவேண்டும் என்பதை முந்திய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ஆக, கற்கிறவர் பயிற்றுவிக்க வேண்டியது கையை அன்று, காதை. இடது மிதியை அழுத்தினால் சுத்தியல் எல்லாத் தந்திகளையும் தொடாது. ஓசை மங்கி, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் ஆகும். அதை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று பேதோவன் மிகக் கவனமாகக் குறித்திருக்கிறார். அந்த வேற்றுமையைத் தம் காதால் சரிபார்க்க முடியாத மனிதர் குறித்தவை அவை. இதை வாசிக்கிற கலைஞர்கள் பலரும் இளமையில் தொடங்கி, நரைத்த பிறகும் இந்தப் பகுதிக்குத் திரும்பித் திரும்பி வருவதில் வியப்பில்லை.

அந்தத் துயரத்தில் முழுக முழுக இருந்த கைகளுக்கு உடனே நாலாம் பகுதி. முதலில் தாளக்கட்டே இல்லாமல் இருட்டில் சுவரைத் தடவுவதுபோல் இசை தடவுகிறது. ஒரு வழியைத் தொடங்கி, இது இல்லை என்று விடுகிறது. இன்னொன்றைத் தொடங்கி அதையும் விடுகிறது. பிறகு திடீரென ஃபியூக் பிறக்கிறது. ஃபியூக் என்றால் ஒரே கருத்தை ஒரு குரல் தொடங்க, சற்றுப் பொறுத்து அடுத்த குரல் அதையே எடுக்க, பிறகு மூன்றாம் குரலும் வந்து சேர, ஒருவரையொருவர் துரத்துவதுபோல் நடப்பது. நம் பாடற்குழுவில் மூன்று பிரிவினர் செய்வதை இங்கே இரண்டு கைகள் செய்ய வேண்டும். கருத்தோ ஒரு பெரிய தாவலில் தொடங்கி, ஒரு டிரில்லில் நடுங்கி, பிறகு மடமடவென்று கீழே ஓடுகிறது. பேதோவன் அதை நீட்டுகிறார், தலைகீழாகப் புரட்டுகிறார், ஓரிடத்தில் கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரத்துக்குப் பின்னோக்கி நடத்துகிறார். பலவீனமான நாலாம், ஐந்தாம் விரல்கள் டிரில்லில் நடுங்கிக்கொண்டிருக்க, அதே கையின் மற்ற விரல்கள் வேறொரு குரலைத் தாங்க வேண்டும்.

இதை எப்படிக் கற்கிறார்கள்? வேறு வழி கிடையாது. ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிரித்து, மிக மெதுவாக, பாடிக்கொண்டே வாசிக்கிறார்கள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் எழுதுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அழித்து வேறு எழுதுகிறார்கள். மனப்பாடமாக வாசிப்பதுதான் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மேடை வழக்கம். கை நினைவை நம்பினால் ஃபியூக்கில் ஒருமுறை தடுமாறினவர் மீண்டும் பாதைக்கு வர முடியாது. ஆகவே நடுவில் எந்த இடத்திலிருந்தும் தொடங்கத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் தயாரான பிறகுதான் நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்கிறார்கள். அப்போது தெரிகிறது, அடாஜியோவில் மனத்தைக் கொடுத்துவிட்டவருக்கு ஃபியூக்குக்கு மிச்சம் இருப்பதில்லை. ஃபியூக்குக்காகச் சேமித்தவருக்கு அடாஜியோ அமைவதில்லை.

இந்த இடத்தில் பேதோவனைப்பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் இருந்த பழைய மாணவர் ரீஸ் மூலமாக அங்கேயும் இதை விற்க முயன்ற போது, லண்டனுக்கு ஒத்துவராது என்றால் பகுதிகளின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றை விட்டும் விடலாம் என்று அவரே 1819-இல் எழுதினார்! நெருக்கடியான நிலையில் எழுதிய சொனாட்டா இது, சோற்றுக்காக எழுத வேண்டியிருப்பது கொடுமை என்னும் பொருளிலும் எழுதியிருக்கிறார். லண்டன் பதிப்பும் வரிசை மாறி, இரண்டு துண்டுகளாகவே வந்தது. எழுதியவரே சலுகை கொடுத்துவிட்டார். கற்க வந்தவர்கள்தான் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு படைப்புக்குச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

வியன்னாவில் அச்சாகி 17 ஆண்டுகள் கழித்து, 1836-இல், பாரிஸ் நகரில் 24 வயது இளைஞர் ஒருவர் இதை மேடையில் வாசித்தார். அவர் பிரான்ஸ் லிஸ்ட். பிறர் படைப்புகளில் தம் கைச்சரக்கைத் தாராளமாகச் சேர்த்து வாசிப்பதில் பேர்போனவர். பெர்லியோஸ் என்னும் இசையமைப்பாளர் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு சுரம் விடவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை என்று பத்திரிகையில் எழுதி, அதுவரை யாரும் விடுவிக்காத புதிரை லிஸ்ட் விடுவித்ததாகப் புகழ்ந்தார். அந்த லிஸ்ட்தான் பின்னாளில், 1865-இல், ரோமையில் நம் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்று அங்கி அணிந்தார். பேதோவனின் அந்தப் பிராட்வுட் பியானோவும் அவர் கைக்கே வந்து, இன்று புடாபெஸ்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது. பாடற்குழு ஆசிரியர் ஒலிப்பதிவை ஆயத்தமாக வைத்திருக்கிறார். அடாஜியோவை மட்டும் கேட்கப்போகிறோம். அதன் தொடக்கத்தில் இரண்டே சுரங்கள், கீழிருந்து படியேறுவதுபோல், தனியாக வரும். சொனாட்டாவை முடித்து ஆறு மாதம் ஆன பிறகு, லண்டனில் செதுக்கு வேலை முடிந்திருந்தபோது, இந்த இரண்டு சுரங்களை முன்னால் சேர்க்கும்படி பேதோவன் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். இத்தனை பெரிய படைப்பு முடிந்த பிறகு இரண்டு சுரங்களா, ஆசிரியரின் மனம் பேதலித்துவிட்டதா என்றே ரீஸுக்குத் தோன்றியதாம். அவற்றின் விளைவைக் கண்டபோது அவருடைய வியப்பு இன்னும் மிகுந்தது. 1838-இல் வெளிவந்த தம் நினைவுகளில் அதை எழுதியிருக்கிறார். விளக்கைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் பேசாமல் இருக்கட்டும். அந்த இரண்டு சுரங்களும் மிக மெல்லியவை.